எந்த மலைக்குப் போகலாம்?

எங்கள் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதம் 300 ரூபாய் வீதம் சீட்டுப் போடுகிறோம். நகைச் சீட்டு இல்லை, பாத்திரச் சீட்டும் இல்லை. ஊர் சுற்றுகிற சீட்டு! வருஷம் முடிந்தால் 43,200 ரூபாய் கையில் சேரும். அதை வைத்துக்கொண்டு மூன்று நாள் எங்காவது போய் வருவது என்று ஏற்பாடு. எங்கள் வீட்டு ஆண்கள் இந்தச் சீட்டுக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். அதனால் விட்டுவிடுகிறேன்.

பணம் சேர்ப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. தேங்காய் விற்ற காசு, பால் காசு, எண்ணிக் கொடுத்த மளிகைப் பணத்தில் மிச்சம் என்று எப்படியாவது சேர்ந்துவிடும். எங்கே போவது என்று முடிவு செய்வதுதான் கஷ்டம். கோயில் என்றால் சண்டை வருவதில்லை. திருச்செந்தூர் என்றால் திருச்செந்தூர்தான். மலை என்று ஆரம்பித்தால்தான் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறோம்.

எங்கள் பேராவூரணிப் பக்கம் உயரமான வஸ்து என்றால் தென்னை மரந்தான். அதை விட்டால் மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் சரபோஜி மன்னர் கட்டிய மனோரா கோபுரம். மற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான வயலும் தோப்பும். அதனாலேயோ என்னவோ, மலை என்றால் எங்களுக்கு ஒரு கிறுக்கு. ஒருமுறை ஊட்டிக்கென்று சேர்த்த பணம், 2018 நவம்பர் 16-ஆம் தேதி அடித்த கஜா புயலுக்குப் பிறகு ஓடு மாற்றவும் விழுந்த தென்னையை அறுத்து அப்புறப்படுத்தவும் போய்விட்டது. அந்தக் கதையைச் சொன்னால் இந்தக் கட்டுரை போதாது. மறுபடி சீட்டுத் துவங்கி, 2025-இல்தான் மலைப் பேச்சை எடுத்தோம்.

எடுத்த உடனே நாலு கட்சி.

டீச்சரம்மா ஊட்டி. "மேட்டுப்பாளையத்துலேருந்து பல் சக்கர ரயில்ல போகணும்ங்க. 46 கிலோமீட்டர். 1908-லேருந்து ஊட்டி வரைக்கும் ஓடுது. 2005-ல யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்னு அறிவிச்சிருக்கு" என்று பாடமே நடத்திவிட்டார். கொடைக்கானல் கட்சிக்குத் தலைவி என் ஓரகத்தி. சினிமாவில் பார்த்த ஏரி அவளுக்கு வேண்டும். மூன்றாவது கட்சி கொல்லிமலை. அறப்பளீஸ்வரரையும் பார்த்துவிட்டு ஆகாய கங்கை அருவியிலும் குளிக்கலாம் என்று இரண்டு இளசுகள். நாலாவது ஏற்காடு. அதற்கு ஓட்டுப் போட்டவள் நான் ஒருத்திதான். சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர்தானே, கிட்டத்தில் முடியும் என்பதுதான் என் காரணம். "ஏழைகளின் ஊட்டி"க்கு எவள் வருவாள் என்று சிரித்தார்கள்.

சண்டை போடுகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை கிடையாது. கத்துகிறவள் கடைசியில் வந்துவிடுவாள். ஒரு சத்தமும் இல்லாமல் "நீங்க போயிட்டு வாங்கக்கா, எனக்கு வீட்டுல வேலை இருக்கு" என்று சொல்கிறவர்கள்தான் என் கண்ணில் உறுத்துகிறார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று பேர் இப்படிக் கழன்றுகொள்வார்கள். காசும் கட்டிவிட்டு வராமலும் இருப்பார்கள்! வேலை இருக்கிறதாம். எந்த வீட்டில் வேலை இல்லை? உண்மையான காரணம் வேறு எதுவோ என்பது மட்டும் தெரிகிறது. வாயைத் திறக்க மாட்டார்கள்.

இந்தச் சமயத்தில் என் அத்தாச்சி மகள் போன் பண்ணினாள். ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் வேலையில் இருக்கிறாள். ஆபீஸ் சிநேகிதர்களோடு பக்கத்து நாடான ஆஸ்திரியாவுக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போய் வந்தாளாம். காலில் நீளமாகக் கட்டையைக் கட்டிக்கொண்டு பனி மலையில் சறுக்குவது இருக்கிறதே, அது. அங்கேயும் எந்த மலை என்று பெரிய பஞ்சாயத்தாம். கைதேர்ந்தவர்கள் சாங்க்ட் ஆன்டன் என்ற ஊருக்குத்தான் போகணும் என்றார்களாம். செங்குத்தான சரிவுகளுக்குப் பேர் போன இடமாம். இவளோ பனியைக் கையால் தொட்டே இரண்டு வருஷம்தான் ஆகிறது.

"அப்புறம் எப்படிடீ முடிவு பண்ணீங்க?" என்றேன்.

"இங்க சரிவுக்கெல்லாம் கலர் இருக்கு அத்தை. நீலம்னா சுலபம், சிவப்பு நடுத்தரம், கறுப்பு ரொம்பக் கஷ்டம். வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் எது முடியும்னு கேட்டுட்டு, நீலம் அதிகமா இருக்கற ஊராப் பார்த்துப் போனோம். நல்லாத் தெரிஞ்சவங்களுக்கு அங்கயே ரெண்டு கறுப்பும் இருந்துச்சு. சறுக்கவே மாட்டேன்னு ஒருத்தி வந்தா. அவளுக்கு உக்காந்து பார்க்க ஒரு காபிக் கடை."

எனக்குச் சட்டென்று பிடித்துவிட்டது. இவர்கள் மலையை மட்டும் பார்த்து முடிவு செய்யவில்லை. வருகிற ஆளைப் பார்த்து முடிவு செய்திருக்கிறார்கள். நம் மலைகளுக்கும் இப்படிக் கலர் அடித்துப் பார்த்தால் என்ன?

மறுநாள் மாலை என் வீட்டுத் திண்ணையில் எல்லோரும் கூடினோம். ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம். "மலைக்குப் போவதில் உனக்கு எது பயம்? பேர் எழுத வேண்டாம்" என்றேன். எழுதி மடித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட வேண்டும். டீச்சரம்மாதான் எடுத்து வாசித்தார்.

நாலு காகிதத்தில் வாந்தி. எதிர்பார்த்ததுதான். மூன்றில் முட்டிவலி. ஒன்றில் இளைப்பு, குளிர் காற்றுப் பட்டால் மூச்சு வாங்கும் என்று. ஒருத்தி "கைச்செலவுக்குத் தனியாகப் பணம் கிடையாது" என்று எழுதியிருந்தாள். அதைப் படித்ததும் அன்றே ஒரு தீர்மானம் போட்டோம். டீ, காபி, படகுச் சீட்டு எல்லாம் பொதுப்பணத்தில்தான். அவரவர் பர்ஸைத் திறக்கக் கூடாது.

வேறு எதையோ எழுதியவர்களும் அடியில் சேர்த்து எழுதியதில், ஐந்து காகிதத்தில் ஒரே விஷயம் இருந்தது. பாத்ரூம்.

ஒன்றில் மட்டும் பென்சிலால், எழுத்து சின்னதாக: "இருமினாலும் தும்மினாலும் எனக்குக் கசிந்துவிடும். அடக்க முடியாது. வேனை நிறுத்தச் சொல்லக் கூச்சம்."

திண்ணையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் எங்களில் மூத்த ஒரு அக்கா, "எனக்கும் மூணாவது பிரசவத்துலேருந்து அப்படித்தான்டீ" என்றார். இன்னொருத்தி தலையாட்டினாள். பென்சிலால் எழுதியது யார் என்று இங்கே சொல்ல மாட்டேன். அவள் சம்மதித்ததால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். இரண்டு குழந்தை பெற்ற, முப்பத்தைந்து கூட ஆகாத பெண். நாலு வருஷமாக உறவுக் கல்யாணத்துக்குக் கூடப் பஸ்ஸில் தூரமாகப் போகாமல் இருந்திருக்கிறாள். வீட்டுக்காரர் இவளைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

அவளை ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனோம். டாக்டர் சொன்னதை மற்ற சகோதரிகளுக்காக எழுதுகிறேன். பிரசவத்தின்போது இடுப்பின் அடித்தளத்தில் இருக்கும் தசைகள் தளர்ந்துபோவதால் இப்படி வருகிறது. நிறையப் பெண்களுக்கு இருக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை. சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசையை இறுக்கி, சில விநாடி பிடித்து, பிறகு தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு எட்டுப் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று தடவை. மூச்சைப் பிடிக்கக் கூடாது. சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போது செய்து பழகக் கூடாது. மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். எரிச்சலோ ரத்தமோ இருந்தால் அது வேறு விஷயம், உடனே காட்ட வேண்டும். இன்னொன்றும் சொன்னார். பயணம் என்றால் முதல் நாளிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறோமே, அது ரொம்பத் தப்பு. சிறுநீர் கெட்டியாகி நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும் வர அதுவே வழி செய்துவிடும். மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும்.

இனிமேல் மலைக்கு வருவோம். காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, என் மகனுடைய கிரேயான்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

கொல்லிமலைக்கு அடிவாரமான காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வாந்திக்காரர்கள் நாலு பேருக்கும் கறுப்பு. ஆகாய கங்கைக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கினால் போதுமா? ஏற வேண்டாமா? முட்டிவலிக்காரர்கள் மூவருக்கும் கறுப்பு. இளசுகள் இரண்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டன.

ஊட்டி 7,000 அடிக்கு மேல் உயரம். குன்னூர் வழியாகப் போனால் 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவு பரவாயில்லை, எங்கள் ஊரிலிருந்து மேட்டுப்பாளையம் போய்ச் சேருவதற்கே பொழுது சாய்ந்துவிடும். ரயிலுக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கோடையில் பன்னிரண்டு இடம் சேர்ந்தாற்போல் கிடைப்பது குதிரைக் கொம்பு. இளைப்புக்காரிக்கு அந்தக் குளிர் ஆகாது. பெரும்பாலும் சிவப்பு, நடுவில் இரண்டு கறுப்பு. கொடைக்கானலும் கிட்டத்தட்ட அதே உயரந்தான். வத்தலக்குண்டிலிருந்து மேலே போகும் வரை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்தே போகிற பாதை. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கும் வைத்துவிட்டார்கள். மலையின் நல்லதுக்குத்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இன்ன தேதி என்று நிச்சயமில்லாமல் பன்னிரண்டு வீட்டில் அனுமதி வாங்குவது இ-பாஸ் வாங்குவதைவிடப் பெரிய வேலை.

ஏற்காடு 5,000 அடி. 20 கொண்டை ஊசி வளைவு. சேலம் வரைக்கும் வழி நெடுகப் பெட்ரோல் பங்குகளில் பாத்ரூம் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி சூடு குறையும் என்பார்கள். அந்தக் கணக்குப்படி சேலத்தைவிட எட்டு டிகிரிக்கு மேல் குறையும், நடுங்கவும் வேண்டாம். கட்டங்களில் நீலம் கூடிக்கொண்டே வந்தது. ஆனாலும் ஊட்டிக் கட்சியும் கொடைக்கானல் கட்சியும் இறங்கி வரவில்லை. நீலமாக இருந்தால் ஆயிற்றா, ஆசை என்று ஒன்று இல்லையா என்றாள் ஓரகத்தி. அவள் சொன்னதும் நியாயந்தான்.

அப்போதுதான் பாட்டிலில் ஒரு காகிதம் வாசிக்காமல் ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. என் மாமியார் எழுதியது. கோணல் எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவருக்கு 71 வயது. "பயம் ஒன்றும் இல்லை. மேட்டூர் டாம் பார்க்க வேண்டும்."

எல்லோரும் சிரித்தோம். அணைக்கட்டை யாராவது ஆசைப்பட்டுப் பார்ப்பார்களா? மாமியார் சிரிக்கவில்லை. "அந்தத் தண்ணியத்தானே இத்தனை வருஷமாச் சாப்பிடறோம். அது எங்கேருந்து வருதுன்னு ஒருநாள் போய்ப் பார்த்ததில்லையே" என்றார்.

எங்கள் பகுதியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் பழைய காவிரிப் பாசனம் கிடையாது. 1925-இல் தொடங்கி 1934-இல் முடித்த மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டியதுதான் கல்லணைக் கால்வாய். இன்றைக்கும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதைப் புது ஆறு என்றுதான் சொல்கிறார்கள். நாங்கள் கடைமடை. ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தால், கல்லணைக்கு வந்து, அப்புறம் எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள் கண் பூத்துவிடும். முறை வைத்து விட்டால் இன்னும் தள்ளும். என் மாமியார் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, ரேடியோவிலும் பேப்பரிலும் மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பார். பேரப்பிள்ளைகளின் மார்க் மறந்துபோகும், அணையின் அடி மறக்காது.

சேலத்திலிருந்து மேட்டூர் 50 கிலோமீட்டர். ஏற்காட்டுக்குப் போனால் திரும்பும்போது பார்த்துவிட்டு வரலாம். ஊட்டிக் கட்சித் தலைவி டீச்சரம்மாவே, "சரி, ஏற்காடே இருக்கட்டும்" என்றார். கொடைக்கானல்காரி, "அங்கயும் ஏரி இருக்குல்ல? படகு இருக்குல்ல?" என்று இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

நீலகண்டப் பிள்ளையார் கோயில் சித்திரைத் திருவிழா முடியட்டும் என்று காத்திருந்து, மே 20, செவ்வாய்க்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு வேனில் கிளம்பினோம். வேண்டுமென்றேதான் வார நடுவில் வைத்தோம். மாதக் கடைசியில் கோடை விழா தொடங்கிவிட்டால் ஏற்காட்டிலும் நிற்க இடம் இருக்காது. வேன் டிரைவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டோம்: இரண்டு மணிக்கு ஒரு தடவை யாரும் கேட்காமலே நிறுத்த வேண்டும். இது முக்கியம். யாரும் கேட்காமலே! கேட்க வேண்டியிருந்தால் பென்சில்காரி கேட்க மாட்டாள். முதல் நிறுத்தத்தில் அவளைத் தனியே விடாமல் நாங்கள் எல்லோருமே இறங்கினோம்.

வாந்திக்காரர்களை முன்பக்கம் உட்கார வைத்தோம். காதுக்குள் இருக்கும் உறுப்பு ஆட்டத்தை உணர்கிறது, கண்ணோ வேனுக்குள் அசையாத சீட்டையே பார்க்கிறது. இரண்டும் சொல்வது ஒத்துப்போகாததால்தான் குமட்டல் வருகிறது. அதனால் போனைப் பார்க்கக் கூடாது, தூரத்தில் தெரியும் சாலையைப் பார்க்க வேண்டும். காலையில் வெறும் வயிறும் கூடாது, பூரி கிழங்கும் கூடாது. இரண்டு இட்லி, தொட்டுக்கொள்ளச் சர்க்கரை. இரண்டு பேர் டாக்டரைக் கேட்டு மாத்திரை போட்டுக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு இஞ்சித் துண்டு. இருபது வளைவில் பதினேழாவதில் ஒருத்தி மட்டும் தோற்றாள். அவள் என் ஓரகத்திதான். கொடைக்கானல் போயிருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலிருக்க நிரம்பக் கஷ்டப்பட்டேன்.

இரண்டு நாளைக்கு ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தோம். 12,000 ரூபாய். வேனுக்கு 18,500. மிச்சத்தில் சாப்பாடும் பொதுச் செலவும். அரிசியைக் கூட ஊரிலிருந்தே கொண்டு போய்விட்டோம். ஒரு விஷயம் கவனியுங்கள். உயரம் ஏற ஏறத் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். 5,000 அடியில் 95 டிகிரியிலேயே கொதிக்கிறது. கொதிப்பதைப் பார்த்து ஏமாந்தால் சோறு விரையாக நிற்கும். பானையில் வடிப்பதை மறந்துவிட்டு, குக்கரில் வைத்து, வழக்கத்தைவிட ஒரு விசில் கூட விட வேண்டும். குண்டானைத் தூக்கி வந்த அக்காவுக்குத்தான் மனசு ஆறவில்லை.

ஏற்காட்டில் பார்த்ததையெல்லாம் எழுதினால் வழிகாட்டிப் புத்தகம் மாதிரி ஆகிவிடும். ஏரியில் படகு விட்டோம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் இங்கே காபிப் பயிரைக் கொண்டுவந்தாராம். அந்தக் காபித் தோட்டங்களின் ஓரமாக நடந்தோம். மிளகுக் கொடி மரத்தைச் சுற்றி ஏறியிருப்பதைப் பார்த்து, தென்னையில் இதை ஏற்றினால் என்ன என்று இரண்டு பேர் கணக்குப் போட்டார்கள். லேடீஸ் சீட்டிலிருந்து ராத்திரி சேலம் நகரத்து விளக்குகளைப் பார்த்தது அழகு. இளசுகள் இரண்டும் கிளியூர் அருவிப் படிகளில் இறங்கி ஏறி வந்தார்கள். அவர்களுடைய கறுப்புச் சரிவு அது. நாங்கள் ஏரிக்கரையில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம்.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். சேர்வராயன் மலை உச்சியில், 5,300 அடிக்கு மேல், குகைக்குள் ஒரு கோயில். குனிந்துதான் போக வேண்டும். சேர்வராயனும் பக்கத்தில் ஓர் அம்மனும். அம்மன் யார் என்று கேட்டோம். காவேரியம்மனாம்! மலையும் ஆறும்தான் அங்கே சாமி. எங்கள் பன்னிரண்டு பேரில் ஒருத்திக்கும் இது முன்னாலேயே தெரியாது. மாமியார் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் எங்களை நகரச் சொல்லும் வரை எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் மேட்டூர். நல்ல வெயில். கோடையாக இருந்தும் அந்த வருஷம் நூறடிக்கு மேல் தண்ணீர் நின்றது. முழுக் கொள்ளளவுக்கு 120 அடி, 93.47 டி.எம்.சி. மாமியார் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கடல் மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் சொன்னோம். அவர் அப்படிச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவரிடம், "தம்பி, இந்தத் தண்ணி கடைமடை வரைக்கும் காணுமா?" என்று கேட்டார். அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? "வந்துரும் பாட்டி" என்றது. உடனே என் பக்கம் திரும்பி, "அவனுக்கு ஒரு போனைப் போடு. பன்னெண்டாம் தேதிக்குத் தொறந்துடுவாங்க போலருக்கு. வாய்க்கால்ல பில்லு மண்டிக் கெடக்கு, வெட்டி வைக்கச் சொல்லு" என்றார். போட்டுக் கொடுத்தேன்.

2025 ஜூன் 12-இல் அணையைத் திறந்தார்கள். அதற்குள் எங்கள் வாய்க்காலில் புல் வெட்டியாகிவிட்டது.

அடுத்த சீட்டுக்கு மறுபடி பாட்டிலை எடுத்து வைத்திருக்கிறோம். கொடைக்கானல் கட்சி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பென்சில்காரி பயிற்சியை விடாமல் செய்கிறாள், பாதிக்கு மேல் சரியாகிவிட்டது என்கிறாள். இப்போது ஊட்டி ரயில் என்று டீச்சரம்மாவோடு சேர்ந்து கத்துகிறவள் அவள்தான். அந்த ரயிலில் நடுவழியில் எந்தெந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிஷம் நிற்கும் என்பதையெல்லாம் விசாரித்து எழுதி வைத்திருக்கிறாள்.